எண்ணியது எதனை?

பிழை திருத்துதல் தமிழாசிரியரின் கடமை. ஆயினும், எதிரே நிற்பவர் எதனைக் கூற வருகிறார் என்று கேட்டறிதல் அதற்கும் முந்திய கடமை. இதனை நாம் காலந்தாழ்த்தியே கற்றோம்.

விடுமுறை நாளொன்றில் சுந்தரபாண்டியத்தில் நம் இல்லத்திற்குக் கணினி பயிலும் அண்டைவீட்டு இளைஞர் ஒருவர் வந்தார். "சார், 'தமிழ்' என்ற சொல்லை எண்ணச் சொன்னால் கணினி ஐந்து என்கிறதே, ஏன்?" என்று வினவினார். "தம்பி, மூன்றெழுத்தை எண்ணத் தெரியாத பொறியையா நம்பிப் படிக்கிறாய்?" என்றோம். உடனிருந்தோர் நகைத்தனர். இளைஞர் தலைகுனிந்து சென்றார்.

பின்னர் விசாரித்தபோது நம் அறியாமை புலப்பட்டது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் அகரமேறிய 'க' ஒரு குறி. 'க்' என்பதோ அதனோடு புள்ளியும் சேர்ந்த இரு குறிகள். எனவே த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 'தமிழ்' ஐந்து குறிகளாகிறது. நாம் எண்ணியது எழுத்தை. பொறி எண்ணியது குறியை.

மெய்யோடு உயிர் சேர்ந்தே உயிர்மெய் பிறக்கும் என்னும் இலக்கணத்திற்கு இது முரணன்றோ என்பர். ஒலிக்கு அது மெய்யே. ஆனால் எழுதும் கையும் முதலில் 'க' வரைந்து, பின்னரே புள்ளியிடுகிறது! அதேவேளை, குறிகளை மட்டும் எண்ணிச் சொல்லைத் தலைகீழாக்கும் நிரல், புள்ளியை எழுத்தினின்று பிரித்துவிடுகிறது. ஆகவே கணினியாளருக்கு இலக்கணமும், இலக்கணியருக்குக் கணினியும் வேண்டும். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக்குறி தரும் 'டேஸ் 16' முறையையும் ஏற்றது. இரு சாராரிடமும் நியாயம் இருந்தது.

மறுவாரம் அவர் இல்லம் சென்று வருத்தம் தெரிவித்தோம். அவரோ தாளும் பேனாவும் எடுத்துவந்து நமக்குப் பொறுமையாக விளக்கினார். அன்று ஆசிரியர் அவரே.

மாணவர்களே, உங்கள் ஐயத்தை நகைப்புக்கு அஞ்சி விழுங்கிவிடாதீர்கள். ஆசிரியப் பெருமக்களே, "தவறு" என்று சொல்லுமுன் "எதனை எண்ணினாய்?" என்று ஒருமுறை கேட்போம். வாதத்தில் வென்று மாணவனை இழப்பது எவ்வகை வெற்றி?