பிரம்பும் பிஞ்சுக் கையும்

திருப்பூர் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைச் சிறுபிள்ளைச் சண்டையென்று பெரியோர் சிரித்துத் தள்ளுகின்றனர். நாம் அவ்வாறு தள்ளத் துணியோம். 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில், சாதித் துவேஷத்தால், பள்ளி மாணவர் சிலர் உடன்பயின்ற மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அதன்பின் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூன் மாதம் அறிக்கை சமர்ப்பித்தது. ஆறாம் வகுப்பு முதல் அறநெறி வகுப்பு வேண்டுமென்று அது கூறிற்று. யோசனை நன்றே, ஆயினும் ஆறாம் வகுப்பில் தொடங்குவது காலங்கடந்து தொடங்குவதாகும் என்பது நமது அபிப்பிராயம்.

குழந்தை கையால் அடிப்பது இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான் மிகுதி என்றும், வளர வளர அதை அடக்கக் கற்றுக்கொள்கிறதென்றும் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் ரிச்சர்டு டிரெம்பிளே காட்டியுள்ளார். வாய்க்குச் சொல் கிட்டாதபோது கை பேசுகிறது. திருப்பூரிலோ தாயும் தந்தையும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு, அதாவது 12 மணி நேரம், உழைக்கின்றனர். பள்ளி விட்டபின் இரவு வரை குழந்தையைக் கேட்பாரில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளியின் குழந்தைக்கு வகுப்பின் பாஷையும் புதிது.

பிரம்பை எடுங்கள் என்பாரும் உளர். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டம் நிற்க, 1961-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பண்டூரா என்பவர் நடத்திய சோதனையில், பெரியவர் பொம்மையை அடிக்கக் கண்ட குழந்தைகள் தாமும் அவ்விதமே அடித்தன. அடிக்காதே என்று சொல்லி அடிக்கும் உபாத்தியாயர் கற்பிப்பது அடியையே.

வழி இல்லாமலில்லை. வகுப்பை அணிகளாகப் பிரித்து, விதி மீறாத அணியைப் பாராட்டும் விளையாட்டொன்று 1969 முதல் அமெரிக்காவில் அறியப்பட்டது. பால்டிமோர் நகரில் முதல் வகுப்பில் அதை ஆடிய முரட்டுச் சிறுவர்களிடம் வாலிபப் பருவத்திலும் நற்பயன் தெரிந்தது. இதற்குச் செலவு சொற்பமே.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதல் மூன்று வகுப்புகளில் தினம் அரைமணி நேரம் இத்தகைய விளையாட்டும், கோபத்தை வாய்ச்சொல்லால் வெளியிடும் பழக்கமும் வேண்டும். வெளிமாநிலக் குழந்தைகளுக்கு அவர்கள் பாஷை அறிந்த உதவியாளர் வேண்டும். பெற்றோர் திரும்பும்வரை பள்ளியிலேயே மாலைக் காப்பகம் வேண்டும். இக்காப்பகத்தின் செலவை ஏற்றுமதி முதலாளிகள் ஏற்பதே நியாயம். தாயின் அந்த மாலை நேரம் அவர்களுடைய ஆர்டருக்காகவே குழந்தையிடமிருந்து எடுக்கப்படுகிறது.

1932 ஜனவரியில் தடியடி பட்டும் எதிர்த்துக் கையோங்காமல், கொடியை விடாமல் வீழ்ந்த குமரனின் ஊர் இது. அவருக்கு நினைவகம் எழுப்பினோம். அவர் காத்த அடக்கத்தைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க அரைமணி நேரம் ஒதுக்க நமக்கு மனமில்லையா?