பேய்க்கு ஒரு கேமரா, கொலைக்கு ஒரு கேமரா

தமிழ்ப் பேய்ப்படம் என்றால் பெரும்பாலும் ஒரு பெரிய வீடு உண்டு. ஜமீன் பங்களா, அரண்மனை, தோட்டத்து வீடு என்று பெயர் மாறும். வாரிசுகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். இரவில் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து நடப்பார்கள். அவர்களுடைய முதுகை ஒட்டி கேமரா மெதுவாகப் பின்தொடரும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த இசை நிற்கும். மின்விசிறி சுற்றும் ஓசையும் மூச்சும் மட்டும் கேட்கும். அப்புறம் ஃபிரேமுக்கு வெளியே எங்கிருந்தோ ஒரு சலங்கை. திரையரங்கில் பக்கத்து சீட்டுக்காரர் காலை மடக்கிக்கொள்வார்.

இந்த வித்தையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காலத்தை இழுத்துப் பிடித்து நம் நரம்பில் கட்டுவது லேசான வேலையல்ல. என் கேள்வி வேறு. இந்தப் பதற்றம் முழுவதும் யாருடைய சார்பில் உருவாக்கப்படுகிறது? நாம் யாருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, யாருடைய வருகைக்குப் பயந்துகொண்டிருக்கிறோம்?

பதற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஹிட்ச்காக் சொன்ன விளக்கத்தைவிட எளிமையான ஒன்று இன்னும் வரவில்லை. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், அவர்கள் பேசும் வெட்டிப் பேச்சு முழுவதும் பதற்றமாகிவிடும். ஆக, பதற்றத்துக்கு மூலப்பொருள் இருட்டோ ரத்தமோ அல்ல. தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையில் உள்ள தூரம்தான் அது. கேமரா அந்தத் தூரத்தை அளந்து வைக்கிறது. ஒலி அதை நீட்டுகிறது.

ஒலிக்குக் கேமராவைவிட ஒரு வசதி அதிகம். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூடுவது கஷ்டம். ஃபிரேமுக்கு எல்லை உண்டு, ஒலிக்குக் கிடையாது. 1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்தில் இயந்திரச் சுறா சரியாக வேலை செய்யாமல் படக்குழுவைப் படாதபாடு படுத்தியது. அதனால் படத்தின் பெரும்பகுதியில் சுறாவைக் காட்டவே முடியவில்லை. ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்கள்தான் சுறாவாக நீந்தி வந்தன. ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலைக்கு முதலில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்துக் கீறியதைக் கேட்ட பிறகு மனதை மாற்றிக்கொண்டார்.

சரி, நம் அரண்மனைக்கு வருவோம்.

‘சந்திரமுகி’யின் கதையை நினைத்துப் பாருங்கள். மன்னன் ஒருவன் நடனக்காரப் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து அடைத்து வைக்கிறான். அவள் காதலனை வெட்டுகிறான். அவளை உயிரோடு எரிக்கிறான். இதில் பயங்கரம் எது? எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் படத்தின் திகில் இசை யாருக்கு ஒலிக்கிறது? எரிக்கப்பட்டவளின் சலங்கைக்கு. மூடிய கதவு, மாடிப்படி, தீவட்டி வெளிச்சம், உச்சத்துக்கு ஏறும் வயலின் எல்லாம் அவளுடைய வருகைக்காக. அவளைக் கொன்ற கதை ஒரு ஃபிளாஷ்பேக்காக வந்துபோகிறது.

இந்த ஃபிளாஷ்பேக்கில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபிளாஷ்பேக்கில் வரும் கொலை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அது நடக்குமா, தடுக்க முடியுமா என்று நாம் பதற வழியே இல்லை. பரிதாபப்படலாம், கோபப்படலாம். அதற்குள் ஒரு சோகப் பாட்டு வந்துவிடும். ‘காஞ்சனா’ இந்த வகைப் படங்களில் நல்ல மனம் கொண்டது. கொல்லப்பட்ட திருநங்கைக்கும், அவருக்கு அடைக்கலம் கொடுத்த இஸ்லாமியருக்கும் நியாயம் கேட்கிறது. நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட அரசியல்வாதியைத் தண்டிக்கிறது. அந்தப் படமும் முதல் பாதி முழுவதும் கேமராவையும் ஒலியையும் எதற்குச் செலவழிக்கிறது? கொல்லப்பட்டவர் நம்மைப் பயமுறுத்தத்தான். அவருடைய உடல், குரல், நடை எல்லாம் திகில் பொருளாகின்றன. இடைவேளைக்குப் பிறகு கதையைக் கேட்டு மனம் மாறுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் உடம்பு ஏற்கெனவே ஒரு பாடம் படித்துவிட்டது.

இதே பள்ளியின் இன்னொரு பாடம் சுடுகாட்டுக் காட்சி. வெட்டியான் என்று ஒருவரைக் கொண்டு வருவார்கள். முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம், தாழ்ந்த கோணத்தில் கேமரா, பின்னணியில் பறை. ஐயா, அது அவர் வேலை பார்க்கும் இடம். சாதி அவர் தலையில் கட்டிய வேலை. அவர் அங்கே நிற்பதில் என்ன திகில் இருக்கிறது? பறைக்கும் இதே கதிதான். கொண்டாட்டத்துக்கும் அறிவிப்புக்கும் அடித்த கருவியைச் சாவுக்கும் அச்சத்துக்கும் மட்டும் என்று காதுக்குப் பழக்கியதில் நம் சினிமாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஒரு ஒலியைக் கேட்டதும் நம் தோல் சிலிர்ப்பது இயற்கை என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் பாதி பயிற்சி.

இந்தப் பயிற்சியைத் திருப்பிப் போட முடியுமா? முடியும் என்று 2017இல் ஜோர்டன் பீல் ‘கெட் அவுட்’ படத்தின் முதல் காட்சியிலேயே காட்டினார். இரவு. அமெரிக்கப் புறநகரின் வசதியான தெரு. வெட்டிய புல்வெளி, விளக்குகள், அமைதி. வழக்கமான ஹாலிவுட் படத்தில் இந்தத் தெரு பாதுகாப்பானது. அதற்குள் நடந்து வரும் கறுப்பின இளைஞன்தான் சந்தேகத்துக்குரியவன். பீல் கேமராவை அந்த இளைஞனோடு நடக்க வைக்கிறார். ஷாட்டை வெட்டவில்லை, அதனால் தப்பிக்க நமக்கும் வழியில்லை. ஒரு வெள்ளைக் கார் கடந்து போகிறது, திரும்புகிறது, ஊர்ந்து பின்னால் வருகிறது. காருக்குள்ளிருந்து பழைய காலத்துக் குஷியான ஆங்கிலப் பாட்டு ஒன்று கேட்கிறது. முயலை ஓடச் சொல்லும் பாட்டு. திகில் இசையே தேவைப்படவில்லை. குஷிப் பாட்டு யாருடைய காருக்குள் ஒலிக்கிறது என்பதே போதுமானதாக இருக்கிறது.

அதே படத்தின் கடைசியில், ரத்தக் களரியிலிருந்து தப்பி வந்த நாயகன்மீது போலீஸ் வண்டியைப் போன்ற ஒரு வண்டியின் விளக்கு விழுகிறது. மற்ற எந்தப் படத்திலும் அந்த விளக்கைப் பார்த்தால் பார்வையாளர் பெருமூச்சு விடுவார். இங்கே கொலைகாரக் குடும்பத்தைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் வருகிறது. வந்தது நண்பன் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வருகிறது. நாயகன் கைதாகிற முடிவு ஒன்றையும் பீல் படமாக்கி வைத்திருந்தார். 1968இல் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ இரக்கமில்லாமல் அந்த முடிவைத்தான் எடுத்தது. இரவு முழுவதும் நடைப்பிணங்களிடமிருந்து தப்பித்த கறுப்பின நாயகனை, காலையில் காப்பாற்ற வந்த கூட்டம் சுட்டுக் கொல்கிறது.

நம் நாட்டில் இந்தத் திருப்பத்தை மிகச் சரியாகச் செய்த காட்சி பேய்ப்படத்தில் இல்லை. 2016இல் வந்த நாகராஜ் மஞ்சுளேவின் ‘சைராட்’ மராத்திப் படத்தின் கடைசி சில நிமிடங்களில் இருக்கிறது. பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வாருங்கள்.

அஜய்-அதுல் இசை அந்தப் படத்தின் முதல் பாதியைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. பெரிய இசைக்குழு, ஸ்லோமோஷன், பாட்டு. ஓடிப்போன பிறகு ஐதராபாத்தில் வாழ்க்கை கரடுமுரடாகிறது, இசை குறைகிறது. பிறகு ஒருவழியாகக் குடும்பம் நிலைக்கிறது. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டான். அம்மாவோடு ஆர்ச்சி ஃபோனில் பேசிவிட்டாள். ஒருநாள் அவள் அண்ணனும் உறவுக்காரர்களும் வாசலில் வந்து நிற்கிறார்கள். கையில் அம்மா கொடுத்தனுப்பிய பரிசுகள்.

இந்த இடத்தில் மஞ்சுளே ஒரு துளி திகில் இசைகூட வைக்கவில்லை. வெளிச்சத்தை மாற்றவில்லை. சுதாகர் ரெட்டி யக்கண்டியின் கேமரா கோணலாகச் சாயவில்லை. தேநீர் தயாராகிறது. குவளைகள் நீட்டப்படுகின்றன. வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பர்ஷ்யா எங்கே நிற்பது, என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிறான். அவ்வளவுதான். ஹிட்ச்காக்கின் குண்டு மேசைக்கு அடியில் இருந்தது. அதை நமக்குக் காட்ட அவருக்கு ஒரு ஷாட் தேவைப்பட்டது. இங்கே யாரும் குண்டைக் காட்டவில்லை. குண்டு இருப்பது நமக்கு எப்படித் தெரிகிறது? இந்த நாட்டில் வாழ்வதால் தெரிகிறது. சாதி தெரிந்த பார்வையாளருக்கு அந்தத் தேநீர்க் குவளையே போதும். சாதியே தெரியாது என்று சொல்லிக்கொள்பவர்களும் அந்த நிமிடங்களில் நாற்காலியில் நெளிந்ததைத் திரையரங்கில் பார்த்தேன். தெரியாதவர்களுக்கு ஏன் நெளிய வேண்டும்?

கொலையை அவர் காட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வெளியே கூட்டிப்போயிருந்த குழந்தையை வாசலில் விட்டுவிட்டுப் போகிறாள். குழந்தை உள்ளே போகிறான். நமக்கு அவன் வழியாகத்தான் தெரிகிறது. குழந்தை அழுகிறான், ஆனால் அழுகை கேட்கவில்லை. ஒலியை முழுதாக எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் மிதித்த சின்னக் கால்கள் தெருவில் சுவடு பதித்துக்கொண்டே போகின்றன, படம் முடிகிறது. அவ்வளவு பெரிய இசைக்குழுவை வைத்திருந்த படம் தன் மிகப் பெரிய நொடியில் நமக்கு ஒரு சுரமும் தரவில்லை. சோக இசை வந்திருந்தால் அழுதுவிட்டு எழுந்து போயிருப்போம். இசை நமக்காக அழும் வேலையைச் செய்துவிடும். அந்த வசதியை மஞ்சுளே பிடுங்கிக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து இதே கதையை இந்தியில் ‘தடக்’ என்று எடுத்தார்கள். சாதியைக் கழுவி எடுத்துவிட்டு, இரண்டு வீடுகளுக்கும் இடையிலான வசதி வித்தியாசத்தைப் போல ஆக்கினார்கள். முடிவையும் மாற்றினார்கள். உறவுக்காரர்களை வீட்டில் விட்டுவிட்டுப் பெண் வெளியே போய்த் திரும்பும்போது, கணவனும் குழந்தையும் மாடியிலிருந்து அவள் கண்முன் விழுகிறார்கள். அங்கேயும் ஒலியை நிறுத்திப் பார்த்தார்கள். ஆனால் உடல் விழுவது ஒரு அதிர்ச்சி, அவ்வளவுதான். படம் முழுவதும் சாதியைச் சொல்லாமல் வந்ததால் மேசைக்கு அடியில் குண்டே இல்லை. நுட்பத்தை நகல் எடுக்கலாம், அது எதன்மேல் நிற்கிறதோ அதை நகல் எடுக்காவிட்டால் வெறும் சத்தமில்லாத திரைதான் மிஞ்சும்.

‘சைராட்’ பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது 2016 பிப்ரவரியில். மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார், கௌசல்யா படுகாயமடைந்தார். ஏப்ரல் இறுதியில் படம் திரையரங்குகளுக்கு வந்தது. நம்மில் பலர் அந்தப் படத்தைப் பார்த்தபோது சிசிடிவி காட்சியை ஏற்கெனவே பார்த்திருந்தோம். உயரத்தில் அசையாமல் நிற்கும் கேமரா, ஒலி இல்லை, சுற்றிலும் மனிதர்கள். தொலைக்காட்சிகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. எத்தனை முறை ஓட்டினாலும் அந்தக் கேமராவுக்கு யார்மீதும் அக்கறை வராது. கொலையைக் காட்டுவதும் கொலையை நமக்கு உணர்த்துவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2018இல் மாரி செல்வராஜ் ‘பரியேறும் பெருமாள்’ படத்தைக் கறுப்பியின் சாவோடு தொடங்கினார். தண்டவாளம், கட்டிப்போட்ட நாய், வரும் ரயில். குரைப்பு கேட்கிறது, ஓடுகிறார்கள், தூரம் போதவில்லை. மேசைக்கு அடியில் இருந்த குண்டு இங்கே தண்டவாளத்துக்கு வந்துவிட்டது. படம் முழுவதும் அந்தத் தண்டவாளம் நமக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, பரியனை அதே இடத்தில் கிடத்தும் வரை.

அந்தப் படத்தின் கொலைகாரத் தாத்தா தமிழ்த் திரையில் நான் பார்த்த மிகப் பயங்கரமான உருவம். அவருக்குக் கோரைப்பல் கிடையாது, வில்லன் இசையின் பகட்டு கிடையாது. பேருந்தில், ஆற்றில் என்று அன்றாடம் நாம் பார்க்கும் ஒரு கிராமத்துப் பெரியவர். விபத்தாகவும் தற்கொலையாகவும் தெரியும்படி கொன்றுவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். குலசாமிக்குச் செய்யும் சேவை என்று நம்புகிறார். முதல் கொலைக்குப் பிறகு அவர் ஃபிரேமுக்குள் வந்தாலே போதும், வெயிலடிக்கும் சாலையும் திகில் படமாகிவிடுகிறது. பேய்ப்படத்தில் பொழுது விடிந்தால் பயம் போய்விடும். இங்கே விடிந்தால்தான் அவர் வேலைக்குக் கிளம்புவார்.

ஆனால் இந்தப் படத்தின் இன்னும் நுட்பமான பதற்றம் கடைசிக் காட்சியில் இருப்பதாக எனக்குத் தோன்றும். ஜோவின் அப்பாவும் பரியனும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர் நல்லபடியாகத்தான் பேசுகிறார், பார்க்கலாம் என்கிறார். இவனும் நிதானமாகத் தன் பதிலைச் சொல்கிறான். நீங்கள் நீங்களாகவே இருக்கும் வரை எதுவும் மாறாது என்பதுதான் அதன் சாரம். அவர்கள் எழுந்து போன பிறகு கேமரா இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நிற்கிறது. ஒன்றில் பால் கலந்தது, ஒன்றில் கலக்காதது, நடுவில் ஒரு மல்லிகைப்பூ. விமர்சனங்களில் அதை நம்பிக்கையின் படிமம் என்று எழுதினார்கள். இருக்கலாம். ‘சைராட்’டின் தேநீரைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அந்த இரண்டு குவளைகளும் மேசையில் இருந்த நேரம் முழுவதும் காது எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.