எல்லையில் நின்றுவிடும் பள்ளிக் கணக்கு

வேறு மாநிலத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் நம் வீடுகளில் முதலில் சம்பளத்தைக் கேட்பார்கள். அடுத்த நிமிடமே யாராவது, "பிள்ளை என்ன வகுப்பு?" என்று கேட்டுவிடுவார்கள். குடும்பத்தோடு போவதா, அப்பா மட்டும் போவதா என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கிறது. ஆறு, ஏழு என்றால் போகலாம். எட்டு என்றால் யோசனை. ஒன்பது, பத்து என்றால் "பப்ளிக் முடியட்டும்". பதினொன்று என்றால் பேச்சே கிடையாது.

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரு மடிவாளாவில் அரை மணி நேரம் நின்றால் இதன் விளைவைப் பார்க்கலாம். சேலம், கோவை, மதுரை, நெல்லை என்று கூவி ஏற்றும் ஆம்னி பஸ்களுக்காக, முதுகில் லேப்டாப் பையும் கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய ஏதோ ஒரு பொட்டலமுமாக நாற்பதைத் தாண்டிய ஆண்கள் காத்திருப்பார்கள். திங்கள் விடியற்காலை அதே சாலையில் இறங்கி, அறைக்கு ஓடிக் குளித்துவிட்டு அலுவலகம் போவார்கள். மனைவி ஊரில் இருப்பார். அவருக்கும் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கும், ஆனால் பிள்ளையின் படிப்புக்காக விட்டிருப்பார். "ரெண்டு வருஷம்தான் சார், பிளஸ் டூ முடிஞ்சதும் எல்லாரையும் கூட்டிட்டு வந்துருவேன்" என்பார்கள். அதற்குள் இரண்டாவது பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும்.

இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கும் போகலாம், எங்கும் வசிக்கலாம் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. அந்த உரிமைக்கு ஏற்றபடி பல ஏற்பாடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தும் வந்திருக்கிறோம். வருங்கால வைப்புநிதிக் கணக்கு ஒரே எண்ணில் கூடவே வருகிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2022-இல் எல்லா மாநிலங்களையும் எட்டிவிட்டது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனத்தின் ஊழியர், 2021-இல் வந்த பி.எச். வரிசைப் பதிவெண் வாங்கிக்கொண்டால் மாநிலத்துக்கு மாநிலம் வண்டியை மறுபதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால், அந்த வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து வரும் பிள்ளை படித்த வருஷங்கள் மட்டும் எல்லையிலேயே நின்றுவிடுகின்றன.

கணக்கு இப்படிப் போகிறது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருக்க வேண்டும். இல்லையென்றால், 'நேட்டிவிட்டி' என்று தாலுகா ஆபீஸில் சொல்லப்படும் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். கர்நாடகத்தில் பொதுவான விதி, ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏழு கல்வியாண்டுகள் அங்கே படித்திருக்க வேண்டும் என்பது. தெலங்கானாவில் மருத்துவப் படிப்புக்கு, பன்னிரண்டாம் வகுப்போடு முடியும் தொடர்ச்சியான நான்கு ஆண்டுகள். அந்த மாநிலம் 2024-இல் இறுக்கிய இந்த விதியை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது.

ஒசூரில் இருந்து எலெக்ட்ரானிக் சிட்டி ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. ஒசூரிலிருந்து ஒரு குடும்பம் மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிக் குடிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ஆறாம் வகுப்பில் அங்கே சேர்ந்தால் பன்னிரண்டு முடிக்கும்போது ஏழு ஆண்டு. ஏழாம் வகுப்பில் சேர்ந்தால் ஆறே ஆண்டு, வெளியூர்ப் பிள்ளை. இவர்களாவது தமிழ்நாட்டுக்காரர்கள், பிறப்பிடச் சான்று வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பலாம். ஒடிசாவைச் சேர்ந்த பெற்றோரோடு சென்னையில் வளர்ந்து, எட்டாம் வகுப்புவரை இங்கே தமிழ் படித்து, ஒன்பதில் பெங்களூரு போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கணக்கில் அவளுக்கு ஒரே ஆண்டு, கர்நாடகக் கணக்கில் நான்கு. வளர்ந்த மாநிலமும் படித்து முடித்த மாநிலமும் அவளை வெளியாள் என்கின்றன. விடுமுறைக்கு மட்டும் போய்வந்த ஒடிசாவில்தான் அவள் தனக்கு இடம் தேட வேண்டும். மருத்துவம் என்றால் அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம்தான். மீதி 85 சதவீதம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. மாநிலக் கணக்கில் சேராத பிள்ளைக்கு அந்தப் பதினைந்தில் கிடைக்காவிட்டால், பெரும்பாலும் மிஞ்சுவது நிர்வாக ஒதுக்கீடும் அதன் கட்டணமும்.

இந்த விதிகள் அர்த்தமில்லாதவை என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு மாநிலம் தன் வரிப்பணத்தில் கல்லூரி கட்டுகிறது. தன் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் வேண்டும் என்று நினைக்கிறது. நுழைவுத்தேர்வில் மதிப்பெண் வாங்கிவிட்ட எவரும் வந்து இடத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்றால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு மருத்துவப் படிப்பில் 2020-இல் கொடுத்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஒரு மாநிலம் தன் பிள்ளைகளுக்குச் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. என் குறை வேறு. ஒவ்வொரு மாநிலமும் தன் வேலிக்குள் நின்று மட்டும் விதி எழுதுகிறது. இரண்டு வேலிகளுக்கு நடுவில் விழும் பிள்ளையை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு எந்த அரசிடமும் இல்லை.

விழுகிறவர்களில் அதிகம் அடிபடுவது யார் என்று பார்த்தால் ஐ.டி. குடும்பங்கள் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். சித்தாள் வேலை பார்க்கும் அம்மா, மகளை ஊரில் விட்டுவைக்க ஆளில்லாமல் கூடவே அழைத்துப் போகிறார். ஆறும் ஏழும் அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, எட்டில் அந்தப் பெண் ஊருக்குத் திரும்பி இங்குள்ள அரசுப் பள்ளியிலேயே பிளஸ் டூ முடிக்கிறாள். 7.5 சதவீதத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி மாணவியருக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் அடிப்படை ஆறு முதல் பன்னிரண்டுதான். இரண்டும் அவளுக்குக் கை நழுவிப் போகின்றன. யாருக்காக இந்தத் திட்டங்கள் வந்தனவோ, அந்தக் குடும்பத்தின் வறுமையே அவளை அவற்றுக்கு வெளியே நிறுத்துகிறது. பத்து முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்திருந்தால், அதற்கு முன் எந்த மாநிலத்து அரசுப் பள்ளியில் படித்த ஆண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி போதும். தமிழ்நாடு தானாகவே, யாரையும் கேட்காமல், நாளைக்கே இதைச் செய்யலாம்.

சாதிச் சான்றிதழின் கதை இன்னும் கடினம். ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் உள்ள ஒருவர், அந்த ஒதுக்கீட்டிலேயே மத்தியப் பொதுத்துறை உர நிறுவனம் ஒன்றில் வேலை பெற்று பம்பாய்க்குப் போகிறார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அங்கேயே படித்து, அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பழங்குடி மாணவனாக மருத்துவ இடம் கேட்கிறான் மகன். மகாராஷ்டிரம் மறுக்கிறது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் மறுப்பை உறுதி செய்தது. பட்டியல்கள் அந்தந்த மாநிலத்தைப் பொறுத்துத்தான் அறிவிக்கப்படுகின்றன; ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதி இன்னொரு மாநிலத்துக்குத் தானாகக் கூட வராது என்பது தீர்ப்பு. 2018-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் இதையே மீண்டும் சொன்னது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், வேலையின் பொருட்டு இடம்பெயர்கிறவர்களின் நிலையை மனதில் வைத்து உரிய சட்டம் கொண்டுவருவது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று 1990 தீர்ப்பே சொல்லியிருந்தது. தலைமுறை ஒன்று கடந்தும் அந்தச் சட்டம் வரவில்லை. அப்பாவுக்கு வேலை கொடுத்த ஒதுக்கீடே, அந்த வேலை அனுப்பிய ஊரில் மகனைக் கைவிட்டது என்பதை எத்தனை முறை படித்தாலும் என்னால் ஆற முடியவில்லை.

இடம் மாறும் குடும்பம் என்றால் என்ன என்பதை நம் விதிகள் இன்னும் 1960-களின் கண்ணால்தான் பார்க்கின்றன. மாறுதலில் போகும் மத்திய அரசு ஊழியருக்காக 1963-இல் கேந்திரிய வித்யாலயங்கள் தொடங்கப்பட்டன. அந்தப் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை இருக்கிறது. கர்நாடகத்தின் ஏழாண்டு விதியிலும் ராணுவத்தினர், மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத் தனி வழி இருக்கிறது. இன்று மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களில் பெரும்பாலோர் தனியார் துறையினர், ஒப்பந்தக்காரர்கள், தினக்கூலிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே மாநில எல்லை கடந்து குடியேறியிருந்தவர்கள் ஐந்து கோடிக்கு மேல். மாறுதல் உத்தரவுக் காகிதம் இல்லாத இவர்களின் பிள்ளைக்கு எந்தத் தனி வழியும் இல்லை.

வசதி உள்ளவர்கள் இதற்குத் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நாளைக்கு எங்கே போவோம் என்று தெரியாது, எதற்கும் சி.பி.எஸ்.இ.யில் போட்டுவைப்போம் என்கிறார்கள். கட்டணம் அதிகம் என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். சி.பி.எஸ்.இ.யிலும் பத்திலும் பன்னிரண்டிலும் புதிதாகச் சேர்வது எளிதல்ல, பெற்றோரின் மாறுதலைக் காட்டி வாரியத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். இருந்தாலும் பாடப்புத்தகம் மாறாது என்ற நம்பிக்கைதான் காரணம். மாநிலப் பாடத்திட்டத்தையும் மாநில மொழியையும் காக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இடம் மாறக்கூடிய, வசதியுள்ள குடும்பங்கள் முதல் வகுப்பிலேயே மாநில வாரியத்தை விட்டு விலகிப் போகின்றன.

தமிழ்நாடு 2006-இலும் கர்நாடகம் 2015-இலும் கேரளம் 2017-இலும் தெலங்கானா 2018-இலும் தங்கள் மொழியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவந்தன. ஓர் ஊரில் வாழப்போகும் பிள்ளை அந்த ஊர் மொழியைப் படிப்பது அதன் உரிமை என்றே நான் கருதுகிறேன். ஆனால், ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளைக்குப் போட்ட பாடத்தையே ஏழாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை முன்னாலும் வைத்தால் அது என்ன செய்யும்? விலக்கு கொடுத்து ஒதுக்கிவிடுவது சுலபம். அப்படி ஒதுக்கப்படும் பிள்ளை பத்து வருஷம் ஓர் ஊரில் வாழ்ந்தும் அந்த ஊரின் பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் வளர்கிறது. நடுவில் வருகிறவர்களுக்கென்று இரண்டாண்டுத் தொடக்கநிலைப் பாடம் ஒன்றை வகுத்து, அதற்கேற்ற தேர்வை வைத்து, மதிப்பெண்ணும் கொடுக்கலாம்.

திருப்பூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில், பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் தம்பதியின் மகனைப் பார்த்தேன். வயது பத்து. தமிழ் தெரியாது என்பதால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்திருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் கால் நீட்ட இடமில்லாமல் பக்கவாட்டில் மடக்கி வைத்திருந்தான். கரும்பலகையில் ஆசிரியை ஒரு பெருக்கல் கணக்கை எழுதியதும் எல்லோருக்கும் முன்னால் விடையை இந்தியில் சொன்னான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அடுத்த கணக்குக்கு அவன் வாய் திறக்கவில்லை. ஆசிரியை நல்லவர். "எனக்கு இந்தி வராதுங்க, அவனுக்குத் தமிழ் வராது. நான் என்ன பண்றது?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப்பயிற்சி கொடுக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்கிறது. தனிப்பயிற்சி கொடுக்க ஆளில்லாத பள்ளியில் அந்தப் பிரிவு காகிதத்தில்தான் இருக்கும்.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே 2017-இல் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டத்தில், பிள்ளைகளின் தாய்மொழியும் மலையாளமும் தெரிந்த தொண்டாசிரியர்களை நியமித்தார்கள். பள்ளி மணி அடிப்பதற்கு முன் காலையில் தனி வகுப்பு, அதோடு காலை உணவு. தெரிந்த மொழியில் தொடங்கி மலையாளத்துக்குக் கொண்டுபோகும் முறை அது. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு ஏற்கெனவே இருக்கிறது. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்த படித்த பெண்கள் அதே தொழிலாளர் குடியிருப்புகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் போட்டு வகுப்பறைக்கு அழைத்துவர வேண்டியதுதான் பாக்கி.

மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., இன்னொரு தொல்லை. மாநிலத்துக்கு உள்ளேயோ வெளியேயோ எந்தக் காரணத்துக்காகவும் பள்ளி மாறும் பிள்ளைக்கு டி.சி. தாமதமாகிறது என்று அரசு, உதவிபெறும் பள்ளிகளில் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நடைமுறையில், பழைய பள்ளி கணினியில் பிள்ளையின் பெயரைக் 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்பில் விடும்வரை புதிய பள்ளி கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டணப் பாக்கி இருந்தால் பழைய பள்ளி விடுவதில்லை.

இவற்றையெல்லாம் தமிழ்நாடு தனியாகவே சரிசெய்யலாம். கல்லூரிச் சேர்க்கை விதிகள் போன்ற மற்றவற்றுக்கு மாநிலங்கள் கூடிப் பேச வேண்டும். அதற்குப் புதிதாக எந்த அமைப்பும் தேவையில்லை. 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் கீழ் உருவான தென்மண்டலக் கவுன்சில் இருக்கிறது. அங்கே நதிநீரும் எல்லையும் பேசப்படுவதுபோல இதையும் ஒரு பொருளாக வைக்கலாம். பேச வேண்டியது ஒரே ஒரு கொள்கை: பன்னிரண்டு ஆண்டு இந்நாட்டில் படித்த எந்தப் பிள்ளையும் எல்லா மாநிலத்திலும் வெளியாள் ஆகிவிடக் கூடாது. அதிக ஆண்டுகள் படித்த மாநிலமோ, கடைசி நான்கு ஆண்டு படித்த மாநிலமோ, இரண்டில் ஒன்று அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எது என்பதைப் பிள்ளை பத்தாம் வகுப்பில் ஒரே முறை எழுதிக்கொடுக்கட்டும். இரண்டு பக்கமும் உரிமை கோர முடியாதபடி அந்தத் தேர்வை மாநிலங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். ஐந்து தென் மாநிலங்களுக்கு இடையேதான் இந்தப் போக்குவரத்து நெருக்கமாக நடக்கிறது என்பதால் இங்கிருந்தே தொடங்கலாம். அடுத்த கலந்தாய்வுக்கான தகவல் குறிப்பேடு அச்சுக்குப் போகும் முன் தமிழ்நாடு கடிதம் எழுதினால், இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்காவது இது கிடைக்கும்.