முதல் பருவத்திலேயே சொல்ல ஓர் ஆள் வேண்டும்

மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலர் அவர்களுக்கும்,

அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். பகுதி ஒன்று தமிழுக்காக எல்லாத் துறைப் பிள்ளைகளும் என் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்கள் பொருட்டே இந்த மடல்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. பிளஸ் டூ மாணவர்களுக்குக் ‘கல்லூரிக் கனவு’ இருக்கிறது. திறன் வளர்க்க, 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றின் பயனை வகுப்பறையில் கண்ணாரக் காண்கிறேன். ஆனால், ‘இதைப் படித்துவிட்டு எங்கே போகலாம்?’ என்று கேட்கும் பிள்ளையோடு உட்கார்ந்து பேச, கல்லூரிக்குள் ஆள் இல்லை.

பி.காம். மாணவி ஒருத்தி. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. கடைசிப் பருவத் தேர்வை எழுதிவிட்டு பி.எட். சேர விசாரித்தபோதுதான், வணிகவியல், பொருளியல் படித்தவர்கள் அதில் சேர முதுகலைப் பட்டமும் வேண்டும் என்று தெரிந்தது. “ரெண்டு வருஷம்தான்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன் சார். இப்ப நாலு வருஷம்னு எப்படிச் சொல்றது?” என்றாள். விதியில் பிழை காணவில்லை. அது முதல் பருவத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

இவள் ஒருத்தி மட்டுமல்ல. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ‘ஜாம்’ தேர்வு எழுத வேண்டும். அதற்கு மூன்றாம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பெயர் நம் பிள்ளைகள் பலரின் காதில் விழும்போது கடைசித் தேதி போயிருக்கிறது. பெயர் மாறிய பட்டங்களின் கதை இன்னும் கொடுமை. அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போதுதான், தன் பட்டத்துக்கு இணைத்தன்மை இல்லை என்று அரசாணை இருப்பதே பட்டதாரிக்குத் தெரிகிறது.

டியூட்டர் முறை இருக்கிறதே என்பீர்கள். அதற்கெனக் கால அட்டவணையில் ஒரு பாடவேளைகூட இல்லாததால், தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது காட்டும் நோட்டாக அது சுருங்கிவிட்டது. வேலைவாய்ப்புப் பிரிவும் பாடம் நடத்தும் பேராசிரியர் ஒருவரின் கூடுதல் பொறுப்புதான். அவரால் வளாக நேர்காணலை நடத்த முடிகிறது. முதலாண்டுப் பிள்ளையிடம் பேச நேரம் எங்கே? படித்தவர்கள் உள்ள வீட்டில் இந்த வேலையைச் சித்தப்பாவோ மாமாவோ சோற்றுத் தட்டின் முன்னால் செய்துவிடுகிறார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த மாமா கல்லூரிதான்.

கேட்பவை நான்கு. ஒவ்வோர் அரசு கலை அறிவியல் கல்லூரியிலும் முழுநேர வழிகாட்டி அலுவலர் பணியிடம் ஒன்றை உருவாக்குங்கள். அவர் ஒவ்வொரு மாணவரையும் முதல் பருவத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது தனியாகச் சந்திக்க வேண்டும். விருப்பப் பாடம், அரியர், மேற்படிப்பு, வேலை எல்லாமே அந்தப் பேச்சில் வர வேண்டும்.

டியூட்டர் பணிக்கு வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கி, அதை ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் சேருங்கள்.

பட்டத்தின் இணைத்தன்மை, பி.எட். தகுதி, எழுதத்தக்க நுழைவுத் தேர்வுகள், அவற்றுக்கு விண்ணப்பிக்கும் மாதங்கள் ஆகியவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுச் சேர்க்கையின்போதே கையில் கொடுங்கள்.

மாவட்டந்தோறும் வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. அதன் அலுவலர் வாரம் ஒரு நாள் கல்லூரிக்கு வரட்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். இரு துறைகள் கலந்து பேசினால் போதும்.

இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பேருந்துக்குக் கட்டணமில்லாப் பயண அட்டையும் தருகிறது அரசு. இவ்வளவும் செய்து படிக்க வைத்த பிள்ளை, சொல்ல ஆளின்றி இரண்டு ஆண்டுகளை இழக்கக் கூடாது. அடுத்த சேர்க்கை தொடங்கும் முன் இதற்கான அரசாணையை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அரசு கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர்