சென்னை மறைக்கும் பிழையும் அந்தமான் காட்டும் பிழையும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பெரும்பாலானவை கிழக்குத் தீர்க்கரேகை 92 பாகைக்கும் 94 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளன. புவியியல் மாணவர் படித்துவிட்டுக் கடந்துபோகும் இந்த எண்ணில், சர்வர் நிரல் எழுதும் மாணவருக்கு ஒரு பாடம் இருக்கிறது.

ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் தரவு கேட்பதற்காகச் சர்வரில் திறந்துவைக்கப்படும் வலை முகவரியே ஏபிஐ எண்ட்பாயிண்ட். ஓர் இடத்தைச் சுற்றி நிகழ்ந்த நிலநடுக்கங்களைத் தரும் எண்ட்பாயிண்ட்டை எடுத்துக்கொண்டால், இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களில் எது முதலில் வரவேண்டும்? ஜியோஜேசான் வடிவம் தீர்க்கரேகையை முன்வைக்கிறது. பேச்சு வழக்கிலோ அட்சரேகையே முதலில் வருகிறது. ஆவணம் இதைச் சொல்லாதபோது, பயன்படுத்துபவர் ஊகிக்கிறார்.

ஊகம் பிழைத்தால் என்ன ஆகும்? சென்னையின் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. இவை இடம் மாறினால், ஆர்க்டிக் பகுதியில் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே ஒரு புள்ளி கிடைக்கும். அதுவும் பூமியில் உள்ள இடமே என்பதால் சர்வர் தடையின்றி விடையளிக்கும். விடை வந்ததா என்று மட்டும் பார்க்கும் சோதனை வெற்றியென முடியும். போர்ட் பிளேர் என்று அறியப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் எண்கள் 11.67, 92.74. இவை இடம் மாறினால் அட்சரேகை 92.74 ஆகிவிடும். 90 பாகைக்கு மேல் அட்சரேகையே கிடையாது. எல்லையைச் சரிபார்க்கும் சர்வர் 400 என்ற பிழைக்குறியுடன் உடனே மறுத்துவிடும். தலைநகரின் தரவு மறைத்த பிழையைத் தீவின் தரவு காட்டிக்கொடுக்கிறது.

நேரமும் இத்தகையதே. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிகழ்ந்த நிலநடுக்கம் உலகப் பொது நேரப்படி 00:58 மணிக்கும் இந்திய நேரப்படி 06:28 மணிக்கும் பதிவானது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஏபிஐ ஆவணம், மண்டலம் குறிப்பிடாத நேரம் உலகப் பொது நேரமாகவே கொள்ளப்படும் என்றும், தொடக்க நாள் தராவிட்டால் கடந்த 30 நாள்களின் தரவே கிடைக்கும் என்றும் தெளிவாகச் சொல்கிறது. இவ்விரு வரிகளைப் படிக்காத ஆய்வாளர் தீவுகளின் பின்னதிர்வுகளை நாள்வாரியாக எண்ணினால், இந்திய நேரப்படி நள்ளிரவு முதல் காலை 5:30 வரையிலான அதிர்வுகள் முந்தைய நாளில் சேர்ந்துவிடும். ஆய்வேட்டில் இது ஓர் அட்டவணைப் பிழை. எச்சரிக்கை அமைப்பிலோ, ஐந்தரை மணி நேரப் பிழை எச்சரிக்கையையே பொருளற்றதாக்கும். அன்று சுனாமி நிக்கோபாரை அடைய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மூன்றாவது, இணைப்பு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கம்பிவடம் தொடங்கிவைக்கப்படும்வரை, தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியே கேள்வி சென்று விடை திரும்ப அரை நொடியேனும் ஆகும். வழியில் விடை தொலைந்தால் பயனர் மீண்டும் பொத்தானை அழுத்துவார். கப்பல் பயணச்சீட்டு ஒன்றா, இரண்டா? ஒரே கோரிக்கையை மீண்டும் அனுப்புவது பாதுகாப்பானதா என்பதை ஆவணம் சொல்லவேண்டும்; விடையை வேண்டுமென்றே தொலைத்துப் பார்க்கும் சோதனை அதை மெய்ப்பிக்கவேண்டும். தன் மடிக்கணினியிலேயே சர்வரை இயக்கிச் சோதிப்பவருக்கு இக்கேள்வி எழுவதே இல்லை.

‘நிரலே ஆவணம், தனியே எழுதினால் அது விரைவில் பழசாகிவிடும்’ என்ற வாதம் கல்விக்கூடங்களில் செல்வாக்குடன் இருக்கிறது. பழசாகிவிடும் என்பது உண்மைதான். அதற்கான மருந்து ஆவணத்தைக் கைவிடுவதன்று. ஆவணத்தின் ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் சோதனையாக இயக்குவதே. ஓப்பன்ஏபிஐ போன்ற விவரிப்பு முறைகள் இதை எளிதாக்கியுள்ளன. நிரல் மாறி எடுத்துக்காட்டு பொய்த்தால், அன்றே சோதனை தோல்வியுறும்.

எனினும் எந்த எடுத்துக்காட்டைத் தேர்வது என்பதைக் கருவி முடிவுசெய்யாது. அது மனிதரின் தேர்வு. மாணவர் திட்டப்பணிகளில் ஆவணம் கடைசி இரவில் எழுதப்படும் பின்னிணைப்பாகவும், சோதனை சொந்த ஊரின் தரவைக் கொண்டே முடிவதாகவும் இருக்கும் வரை, பிழையை முதலில் கண்டறிபவர் தொலைவில் இருக்கும் பயனராகவே இருப்பார். மதிப்பீட்டாளர்கள் கேட்கவேண்டிய கேள்வி எளியது: இந்த எண்ட்பாயிண்ட் கமோர்ட்டாவிலிருந்து அழைக்கப்பட்டால் என்ன விடை தரும், அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?