ரொட்வைலருக்கு மகஜர் எழுதிய கிழமை

கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டார் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் வீதியில் ஒரு மகஜர் சுற்றியது. வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய ஒரு தம்பி, வாவிக்கரைப் பக்கம் கட்டிய புது வீட்டுக்குக் காவலுக்கென்று ரொட்வைலர் ஒன்றைக் கொண்டுவந்து கட்டியிருந்தார். ஓதப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அந்த வழியால்தான் போக வேண்டும். சென்னையில் ஒரு சிறுமியை ரொட்வைலர் குதறிய பழைய செய்தியை யாரோ வட்ஸ்அப் குறூப்பில் போட, ஒரே இரவில் ஊர் பயந்துவிட்டது. அடுத்த நாள் அஸருக்குப் பிறகு தாள் வந்தது. நாங்களும் கையெழுத்து வைத்தோம். வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

அதே கிழமை, எங்கள் ஐந்தாம் தர வகுப்பில் ஒரு மகன் இடது கையைப் புத்தகப் பைக்குக் கீழே மறைத்தபடியே எழுதினான். புலமைப்பரிசில் வினாத்தாள் செய்கிற பிள்ளை கொப்பியைப் பிடிக்காமல் எழுதுகிறானே என்று கையை வாங்கிப் பார்த்தோம். பெருவிரலுக்குக் கீழே மூன்று பல் அடையாளம். காய்ந்துபோய் இருந்தது.

"என்னடா கடிச்ச?"

"நாய்க்குட்டி, சேர்."

மீன் வாடிக்குப் பின்னால் ஒரு கட்டாக்காலி நாய் குட்டி போட்டிருக்கிறது. பாடசாலை விட்டுப் போகும்போது இவன் தன் பணிஸில் பாதியைப் பிய்த்துப் போட்டுப் பழகியிருக்கிறான். கடித்து மூன்று நாள். வீட்டில் சொல்லவில்லை. நாயைத் தொட்டது தெரிந்தால் உம்மா அடிப்பா. ஆனால் ஒன்று செய்திருந்தான். ஓதப்பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி ஏழு தரம் கழுவியிருந்தான், அதில் ஒரு தரம் மண் போட்டு. பத்து வயதுப் பிள்ளை, இரத்தம் வர வர வாவிக்கரையில் குந்தியிருந்து எண்ணி எண்ணிக் கழுவியிருக்கிறான். நஜீஸ் போக வேண்டுமே என்ற பயம் அவனுக்கு. நாய்க்கடியால் ஆளே போய்விடலாம் என்பது தெரியாது. அதை நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வாப்பாவுக்குக் கோல் எடுத்து, ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்றே ஊசி தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நன்றாக இருக்கிறான். குட்டியைத் தேடிப் போனபோது அது அங்கே இல்லை. ஓட்டோவில் போகும்போது அவன் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "குட்டிய அடிச்சிருவாங்களா, சேர்?"

இந்த இரண்டு விஷயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை. கட்டிக் கிடக்கிற நாய்க்கு முழு ஊரும் கையெழுத்து வைத்தது. பிள்ளையைக் கடித்த குட்டியை யாருக்கும் தெரியாது.

சென்னைச் செய்தி பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2024 மே மாதம், நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ரொட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்தன. அந்தப் பூங்காவின் காவலாளியுடைய மகள் அவள். நாய்களைக் கட்டுப்பாடில்லாமல் விட்ட உரிமையாளரைப் பொலிஸ் கைது செய்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இந்திய மத்திய அரசு, பிட்புல், ரொட்வைலர் உட்பட 23 இன நாய்களை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை இரத்துச் செய்தது.

பிரித்தானியா இந்த வழியில் 1991இலேயே போனது. பிட்புல் உட்பட நான்கு வகை நாய்களைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2023 கடைசியில் எக்ஸ்எல் புல்லி என்ற வகையையும் சேர்த்தார்கள். இந்த முப்பது வருஷத்தில் அங்கே நாய்க்கடிக்காக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவோர் தொகை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு, அவற்றில் 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம்தான் என்று கண்டார்கள். பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்று ஒரு கதை எங்கள் பக்கமும் உலாவுகிறது. அப்படி ஒரு பூட்டு எந்த நாயின் வாயிலும் இல்லை.

அதற்காக நாய் வளர்ப்பவர்கள் சொல்வதை அப்படியே விழுங்கவும் முடியாது. அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் கடித்து நடந்த மரணங்களை ஆராய்ந்தபோது, குறைந்தது இருபத்தைந்து இனங்கள் அதில் இருந்தன. ஆனால் பாதிக்கு மேல் பிட்புல் வகையும் ரொட்வைலரும்தான். பெரிய நாய் கடித்தால் காயமும் பெரிது. "எங்கட நாய் கடிக்காது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடித்த நாய்களின் சொந்தக்காரரும் முதல் நாள் வரை அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பாசம் கண்ணை மறைக்கும். பிள்ளைகள் விஷயத்தில் எங்களுக்கும் அப்படித்தானே.

அந்தப் பாசத்தை நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆரையம்பதியிலிருந்து வருகிற ரீச்சர் ஒருவர் நாய் செத்ததற்கு ஒரு நாள் லீவு போட்டார். ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பதின்மூன்று வருஷம் பின்னேரமானால் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து காத்திருந்த நாய் அது. அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறோம்.

எங்கள் மார்க்கமா எங்களைச் சிரிக்கச் சொன்னது? ஷாஃபி மத்ஹபில் நாய் நஜீஸ். அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. மாலிகி மத்ஹபில் கருத்து வேறு, அது உலமாக்களின் இடம். தேவையில்லாமல் வீட்டில் நாய் வளர்ப்பதைத் தடுக்கிற ஹதீஸே வேட்டைக்கும் கால்நடைக்கும் விவசாயத்துக்கும் வைத்திருப்பதை விலக்கிவிடுகிறது. படுவான்கரைப் பக்கம் வட்டைக்குள் போய்ப் பாருங்கள். எங்கள் காக்காமார் வேளாண்மைக் காவலுக்குக் கிடக்கிற வாடிகளில் நாய் இல்லாத வாடி எது? யானை வருவதை முதலில் அறிவது அதுதான். வெள்ளிக்கிழமை தோறும் ஓதுகிற சூரத்துல் கஹ்ஃபில் குகைவாசலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த நாயை அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கல்லால் எறியச் சொல்லி எங்கும் இல்லை. எங்கள் பிள்ளைகள் எறிகிறார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எறி வாங்கிய நாய் அடுத்த முறை வருகிற பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இப்போது உயிர் போகிற விஷயம். இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் விசர் நோயால் இறந்தார்கள். தடுப்பூசியால் அது வருஷத்துக்கு இருபது முப்பது அளவுக்கு இறங்கியிருக்கிறது. உலக அளவில் இந்த நோயால் சாவோரில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். அறிகுறி தொடங்கிவிட்டால் மருந்து இல்லை. அதற்கு முன் ஊசி போட்டால் பயமில்லை, அந்த ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.

கடித்த உடனே ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். காயத்துக்குள் மண் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், கோப்பித்தூள் வேண்டாம். குட்டி நாய்தானே, கீறல்தானே என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. பூனையும் இந்த நோயைக் கடத்தும் என்பதை எங்கள் ஆட்கள் பலர் நம்புவதில்லை. நாயைக் கண்டால் விலகுகிறோம், பூனையைப் படுக்கையில் கிடத்துகிறோம், அதற்கு ஊசி போட்டவர் எத்தனை பேர்?

உம்மாமாரிடம் ஒரு கெஞ்சல். நாயைத் தொட்டதற்கு அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்துதான் அந்த மகன் மூன்று நாள் கையை மறைத்தான்.

ரொட்வைலர் தம்பியின் வீட்டுக்கும் போனோம். முதலில் முகம் கொடுக்கவில்லை, மகஜரில் எங்கள் பெயரைப் பார்த்திருந்தார். பிறகு தேத்தண்ணி வந்தது. நாயின் ஊசி அட்டையைக் காட்டினார். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய்க்கு வெறிதான் கூடும், மதிலுக்குள் அவிழ்த்து விட்டுப் படலையைப் பூட்டுங்கள், வெளியில் கொண்டுபோனால் வாய்க்கூடு போடுங்கள் என்றோம். படலைக்குப் பூட்டு வந்துவிட்டது. வாய்க்கூடு இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மகஜர் கொண்டுவந்த ஹாஜியாரிடம் இன்னொரு தாளை எழுதிக் கொடுத்தோம். எங்கள் பகுதிக் கட்டாக்காலி நாய்களுக்கு ஊசி போட ஒரு நாள் தர வேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒன்று. மீன் கழிவையும், ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கழிவையும் வாவிக்கரையில் கொட்டுவதை நிறுத்தும்படி சபைக்கு ஒன்று. நாய்களை அங்கே கூட்டிச் சேர்ப்பது அந்தக் கழிவுதான். ஹாஜியார் இரண்டையும் வாசித்துவிட்டு முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார். பழைய மகஜரைக் கிழிக்கவில்லை. மடித்துப் பொக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார்.