கம்பு பிள்ளையின் கையில் இருக்கட்டும்

ஆட்டிசம் உள்ள மகனையோ ஏ.டி.எச்.டி. உள்ள மகளையோ கராத்தே, சிலம்ப வகுப்பில் சேர்க்கும் பெற்றோரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: “கொஞ்சம் அடங்கியிருப்பான், சொன்ன பேச்சு கேட்பான்.” மாஸ்டர்களும் இதையே நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள். ஒழுக்கம், கட்டுப்பாடு, கீழ்ப்படிதல்.

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது போதாது. இன்னும் சில ஆண்டுகளில் அவன் தனியாகப் பேருந்து ஏறவேண்டும். கோபம் தலைக்கேறினால் தானே தணியவேண்டும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டோ சைகையாலோ சொல்லவேண்டும். அங்கெல்லாம் மாஸ்டரின் விசில் வராது. தன்னைத் தானே நடத்திச்செல்லும் திறனை வளர்ப்பதற்காகவே இந்தப் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை கற்பிக்கப்படவேண்டும். அந்த வாய்ப்பை அரசுப் பள்ளியே தரவேண்டும்.

இது வெறும் ஆசையல்ல. அமெரிக்கப் பள்ளி ஒன்றில் லேக்ஸ், ஹாய்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 207 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் டேக்வாண்டோ கற்பித்தார்கள்; மற்றவர்களுக்கு வழக்கமான உடற்கல்வி. 2004இல் வெளியான முடிவில், டேக்வாண்டோ மாணவர்கள் தன்னைக் கட்டுப்படுத்துவதிலும் வகுப்பறை நடத்தையிலும் மனக்கணக்கிலும்கூட முந்தியிருந்தார்கள். உதையும் குத்தும் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. ஒவ்வொருவரும் தன்னைத் தானே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளப் பழக்கப்பட்டிருந்தார்கள்: நான் எங்கே இருக்கிறேன்? என்ன செய்துகொண்டிருக்கிறேன்? என்ன செய்யவேண்டும்? அவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்தான். ஆனால் கவனம் சிதறும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவனுக்கு இதைவிடக் கைகொடுக்கும் கேள்விகள் எவை?

ஈரானில் ஆட்டிசம் உள்ள 5 முதல் 16 வயது வரையிலான 30 பேரை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வாரம் நான்கு முறை, 14 வாரங்கள், கராத்தேயின் ‘காத்தா’ அசைவுத் தொடர் கற்பிக்கப்பட்டது. கையை உதறுவது, உடலை ஆட்டுவது போன்ற திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் அவர்களிடம் ஏறத்தாழ 42 சதவீதம் குறைந்தன. அதையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்வதில் நமக்கு முழு உடன்பாடில்லை. பதற்றம் வந்தால் கையை உதறித்தான் தணிகிறோம் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லிவருகிறார்கள். யாரையும் துன்புறுத்தாத அசைவை ஒழிப்பது எவருடைய வசதிக்காக? கவனிக்கவேண்டியது வேறு. பயிற்சி நின்று ஒரு மாதம் கழிந்தும் மாற்றம் நிலைத்தது. மாஸ்டர் இல்லாதபோதும் பிள்ளையிடம் ஏதோ தங்கியிருந்தது.

இவை சிறிய ஆய்வுகள். ‘ஆட்டிசத்தைக் குணமாக்கும் கராத்தே’ என்று எவராவது பலகை மாட்டினால் அந்தப் படியேறாமல் திரும்பிவிடுவது நல்லது.

காத்தாவும் நம் குத்துவரிசையும் சிலம்பக் காலடியும் இப்பிள்ளைகளுக்கு ஏன் ஒத்துப்போகின்றன என்பதில் மர்மம் இல்லை. கபடியில் எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று நொடிக்கு நொடி ஊகிக்கவேண்டும், கூச்சல் வேறு. காலடி வரிசையில் தொடக்கம் தெரியும், முடிவு தெரியும், நேற்றைய வரிசைதான் இன்றும். யாரும் தொடாமல், தன் வேகத்தில், தனியாகவும் செய்யலாம். கம்பின் நீளமே எதிரே நிற்பவருக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைக் கற்றுத்தந்துவிடும். வரிசையைத் தேறியவன் அடுத்தவனுக்குச் சொல்லித்தரும் பழக்கமும் நம் சிலம்பக் கூடங்களில் உண்டு. எப்போதும் உதவி பெறுபவனாகவே பார்க்கப்பட்ட பிள்ளை முதன்முறையாக முன்னால் நிற்பது அங்கேதான்.

ஆனால் கற்பிக்கும் விதம் கெட்டால் எல்லாம் கெடும். 1986இல் வெளியான ட்ரல்சன் ஆய்வு இதற்குச் சாட்சி. சட்டத்தோடு மோதிய 13 முதல் 17 வயதுச் சிறுவர்கள் 34 பேரில் ஒரு குழுவுக்குத் தியானமும் நெறிகளும் சேர்ந்த மரபான டேக்வாண்டோ. இன்னொரு குழுவுக்குச் சண்டை நுட்பம் மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவின் மூர்க்கம் குறைந்தது. இரண்டாவது குழுவின் மூர்க்கம் கூடியது.

இன்னொரு ஆபத்து வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பெரியவர் சொன்னால் மறுபேச்சின்றிச் செய்யப் பழக்கப்பட்ட பிள்ளை, தவறான பெரியவரிடமும் அப்படியே பணியும். குழந்தையின் உடல் அல்லது மனக் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்யப்படும் பாலியல் வன்கொடுமையை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடும் குற்றமாகத் தனியே வகைப்படுத்தியது காரணமில்லாமல் அல்ல. ஆகவே தண்டாலும் முட்டி போடுதலும் தண்டனையாகத் தரப்படும் கூடத்தை, எத்தனை கோப்பை அடுக்கியிருந்தாலும், நல்ல கூடம் என்று சொல்லமுடியாது. “போதும்” என்று பிள்ளை சொன்னால் பயிற்சி அந்த இடத்தில் நிற்கவேண்டும். அந்தச் சொல்லையும் ஒரு பாடமாகவே நடத்தவேண்டும்.

சட்டம் ஏற்கனவே கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டில் மற்றவர்களோடு சமமான வாய்ப்பைப் பள்ளிகளின் கடமையாக்குகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதன் 21 வகைப் பட்டியலில் உள்ளன, ஏ.டி.எச்.டி. இல்லை. திட்டமும் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. ஆட்டிசம் கண்டறியப்படுவோரில் ஆண் பிள்ளைகளே மிகுதி. அவர்களுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக மேடை ஏறியதைக் கொண்டாடினோம். அதே சிலம்பம், விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்காரவைக்கப்படும் மாணவனையும் எட்டவேண்டாமா?

பள்ளிக் கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து செய்யவேண்டியது பெரிய செலவில்லாத வேலை. தற்காப்புப் பயிற்சியை இருபாலருக்கும் விரித்து, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லாத ஏ.டி.எச்.டி. மாணவர்களையும் சேர்க்கவேண்டும். வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வகுப்பில் ஆசானோடு நிற்கவேண்டும். உரத்த விசில், தொட்டுத் திருத்துதல், தண்டனை ஆகியவை பற்றி ஆசான்களுக்கு முன்கூட்டியே பயிற்சி தரவேண்டும். வட்டாரத்துக்கு ஒரு பள்ளி என்று வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். பெற்றோர் அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை; பணம் கட்டுமுன் ஒரு வகுப்பு முழுவதையும் உட்கார்ந்து பாருங்கள், மறுக்கும் பிள்ளையை அந்த மாஸ்டர் எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள்.